பக்கத்து வீட்டுப் பையன் 16 வயசு, ஜெர்மனியில தனியா இருக்கான், அம்மா இங்க கேஎல்ல (கோலாலம்பூர்) – விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

செந்தூல்காரி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க. எங்க ஃப்ளாட்ல எங்களுக்கு மேல் மாடியில ஒரு சிலோன் குடும்பம் இருக்காங்க, யூஎன் அகதி கார்டு வெச்சிருக்கவங்க. அக்கா ஒரு சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவுறாங்க, புருஷன் இல்ல, சின்னப் பொண்ணு ஒன்னு 9 வயசு, மூத்தவன் ஒரு பையன் 16. என் மவனும் அவனும் ஒன்னாத்தான் கீழ ஃபுட்சால் ஆடுவாங்க, எங்க வீட்டுலயே பாதி நாள் சாப்பிடுவான், அதனாலதான் நான் இதுல மூக்க நுழைக்கறேன், இல்லன்னா எனக்கு என்ன.

போன வருஷம் அவனோட தாய்மாமன் கூட கெளம்புனான். எந்த வழி எப்படின்னு நான் அக்காகிட்ட கேக்கல, நீங்களும் இங்க கேக்காதீங்க. மாமா நடுவுலயே மாட்டிக்கிட்டாரு. இவன் மட்டும் ஜெர்மனி போய்ச் சேந்து இன்னிக்கு பன்னெண்டு நாளாச்சு. போலிஸ் புடிச்சு சின்னப் பையன்னு தெரிஞ்சதும் பிள்ளைங்க ஹோம் மாதிரி ஒரு இடத்துல விட்டிருக்காங்க, சாப்பாடு குடுக்கறாங்க, ரூம் குடுத்திருக்காங்க, ஃபோன் பண்ண விடறாங்க. கையில பேப்பர் ஒன்னும் இல்ல, பெர்த் சர்ட்ட ஏஜென்ட் வாங்கி வெச்சுக்கிட்டு திருப்பிக் குடுக்கலையாம்.

இப்ப பிரச்சினை என்னன்னா ஜெர்மனியிலயே டோர்ட்முண்டு ஊர்ல அக்காவுக்கு சித்தப்பா மவன் ஒருத்தரு இருக்காரு. அவரு தெனமும் ராத்திரி கூப்பிட்டு "தப்பா 16ன்னு சொல்லிட்டேன், 19தான்னு மாத்திச் சொல்லச் சொல்லு, சின்னப் பையன்னா ஹோம்லயே பூட்டி வெச்சிருவாங்க, 19ன்னா என்கிட்ட வந்துரலாம், ரெண்டு மாசத்துல வேலைக்குப் போயிரலாம், உனக்கும் காசு அனுப்புவான்"னு சொல்றாரு. அக்காவுக்குக் காசு எவ்வளவு தேவைன்னு எனக்குத் தெரியும், வாடகையே ரெண்டு மாசம் பாக்கி. பையனும் குழம்பிப் போய் இருக்கான். இன்னொன்னு, வழியில ஒரு நாட்டுல கைரேகை எடுத்தாங்களாம், அங்கயே திருப்பி அனுப்பிருவாங்களான்னு வேற பயம். அப்புறம் அக்காவும் சின்னப் பொண்ணும் அவன்கிட்ட போய்ச் சேர ஏதாச்சும் வழி இருக்கா? யாராச்சும் உண்மையாத் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஃபேஸ்புக்ல ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க.

பட்டர்வொர்த்_மோட்டோ:

கோவிச்சுக்காதீங்க அக்கா, ஆனா கேக்கணும்னு தோணுது. இங்க நம்ம பிள்ளைங்களே எத்தன பேரு ஐசி (அடையாள அட்டை) இல்லாம ஸ்கூல் முடிச்சுட்டு நிக்குதுங்க, அதுங்களுக்கு ஒரு த்ரெட் காணோம். என் பொண்டாட்டியோட அக்கா மக பொறந்தது பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில, அப்பன் ஆத்தா கல்யாணத்தப் பதியல, அவ்வளவுதான், பொண்ணுக்கு இப்ப 20, ஒரு பேங்க் கணக்கு தொறக்க முடியல. ஜெர்மனியில ஒருத்தனுக்கு ரூமும் சாப்பாடும் கிடைச்சிருச்சுல்ல, அப்புறம் என்ன. இந்த ஏஜென்டுகளை மொதல்ல உள்ள போடணும்.

டீச்சரம்மா_கேஎல்:

மோட்டோ தம்பி, நீங்க சொல்றதும் அதே வியாதிதான்யா. ஒரு பேப்பர் இல்லன்னா பிள்ளை பிள்ளையே இல்லன்னு ஆயிடுது. உங்க வீட்டுப் பொண்ணு விஷயத்துக்குத் தனியா த்ரெட் போடுங்க, நானும் வர்றேன், இதுக்குள்ள சண்டை வேணாம்.

செந்தூல்காரி, நான் அகதிப் பிள்ளைங்க படிக்கற ஒரு சென்டர்ல எட்டு வருஷமா சனிக்கிழமை கணக்கு சொல்லித் தர்றேன். ஜெர்மனி சட்டம் எனக்குத் தெரியாது, வேற யாராச்சும் வருவாங்க. இந்தப் பக்கத்துக் கதைய நான் சொல்றேன். மலேசியா 1951 அகதி ஒப்பந்தத்துல கையெழுத்து போடல. பிள்ளைங்க உரிமை ஒப்பந்தத்துல 1995ல சேந்துச்சு, ஆனா இலவசக் கட்டாயக் கல்விப் பிரிவுக்கு நாங்க கட்டுப்பட மாட்டோம்னு சொல்லி வெச்சுட்டு சேந்துச்சு. அதனாலதான் அந்தப் பையன் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருக்க முடியாது, ஏதாச்சும் சென்டர்லதான் படிச்சிருப்பான், சரியா? அம்மாவுக்கும் சட்டப்படி வேலை கிடையாது. யூஎன் கார்டு இருந்தா கவர்மென்ட் ஆஸ்பத்திரியில வெளிநாட்டுக்காரங்க ஃபீஸ்ல பாதி கழிவு, பெரிய சலுகைன்னா அதுதான்.

ஆனா நல்லாக் கேளுங்க, இதுதான் முக்கியம். யூஎன்ல ரிஜிஸ்டர் பண்றப்ப குடும்பத்துல யாரு யாரு, எப்ப பொறந்தாங்கன்னு எழுதுவாங்க. அந்த ஃபைல்ல இவனோட பொறந்த தேதி உக்காந்திருக்கு, ஃபோட்டோவோட. 19ன்னு அங்க போய் மாத்திச் சொன்னா நாளைக்கு அம்மா மனு போடறப்ப அந்த ஃபைல் வெளிய வரும், அப்ப யாரு பொய்யி? பையனா அம்மாவா? பெர்த் சர்ட்ட ஏஜென்ட் எடுத்துட்டுப் போனா போகட்டும், இந்த ஃபைல ஏஜென்டால தூக்கிட்டுப் போக முடியாது லா. சென்டர்ல படிச்ச ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசி புக்கு, பழைய கிளினிக் சீட்டு எது இருந்தாலும் ஃபோட்டோ புடிச்சு பையனுக்கு அனுப்பச் சொல்லுங்க. தேதி போட்ட எதுவும் வேஸ்ட் இல்ல.

செந்தூல்காரி:

டீச்சர், சென்டர் ரிப்போர்ட் கார்டு மூனு வருஷத்துது இருக்கு, அக்கா அரிசி டின்னுக்கு அடியில பிளாஸ்டிக்ல சுத்தி வெச்சிருக்காங்க. கணக்குல எல்லா வருஷமும் கோட்டு, அது பரவால்லியா? 😅

ரூர்க்கரை:

தங்கச்சி, கணக்கில கோட்டு எண்டால் ஒருத்தரும் திருப்பி அனுப்பாயினம், பயப்படாதேங்கோ.

நான் இஞ்ச ஜெர்மனியில ரூர் பக்கம் நாப்பது வருசமா இருக்கிறன். 85ல வரேக்க எனக்கு 17. அப்ப கிழக்கு பெர்லினில பிளேனால இறங்கி ட்ரெயின் எடுத்தால் மேற்கு பெர்லின், அந்தச் சுவர் ஜெர்மன்காரரை மறிக்கத்தான் நிண்டது, எங்களை ஒருத்தரும் மறிக்கேல்ல. 86ல அந்த வழியும் பூட்டுப்பட்டுப் போச்சு. அந்த நாளில அசைல், அதாவது அகதித் தஞ்சம் கேக்கிற விசயத்தில 16 முடிஞ்சால் நீ பெரிய ஆள், கையெழுத்து நீதான் வைக்கோணும், என்னைக் கொண்டுபோய்ப் பெரிய ஆக்களோட ஒரு அறையில எட்டுப் பேராப் போட்டவை, மூண்டு வருசம் ஒரு பள்ளிக்கூடமும் இல்ல. 2015 கடைசியிலதான் அந்த 16ஐ 18 ஆக்கினவை. நான் இதைச் சொல்லுறது ஏனெண்டால், டோர்ட்முண்ட் ஐயாவும் என்ர காலத்து ஆளாத்தான் இருப்பார், அவருக்கு அந்தப் பழைய ஜெர்மனிதான் தெரியும். அவர் கெட்டவர் இல்ல. ஆனால் அவர் சொல்லுறது பிழை.

இப்ப நான் ரெண்டு பெடியளுக்கு ஃபோர்முண்டா இருக்கிறன். ஃபோர்முண்ட் எண்டால் சட்டப்படி தாய் தேப்பன்ர இடத்தில நிக்கிற ஆள். உங்கட பெடியன் இப்ப இருக்கிறது யுகெண்ட்அம்ட் எண்ட பிள்ளையள் நலக் கந்தோரின்ர (ஆபீஸ்) பொறுப்பில. தனியா வந்த பிள்ளையை அவை பொறுப்பெடுத்தே ஆகோணும், அது சட்டம். முதல் ஒரு மாசத்துக்குள்ள நாலு விசயம் பாப்பினம்: வயசு, உடம்பு எப்பிடி, சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ, வேற ஊருக்கு மாத்தினால் பிள்ளைக்குப் பாதிப்பு வருமோ எண்டு. பிறகு எந்த மாநிலம் எத்தினை பிள்ளையளை எடுக்கோணும் எண்டு ஒரு பங்குக் கணக்கு இருக்கு, அந்தக் கணக்கில வேற ஊருக்கு அனுப்பக்கூடும். உங்கட ஆளுக்கு பன்னெண்டு நாள் எண்டியள். அப்ப இந்தக் கிழமைக்குள்ளயே அவன் வாய் திறந்து "டோர்ட்முண்டில எனக்கு மாமா இருக்கிறார்" எண்டு சொல்லோணும். சொந்தக்காரரோட கெதியாச் சேர்க்கலாம் எண்டால் அந்தப் பங்குக் கணக்கில போட மாட்டினம். கந்தோர் ஆக்கள் வந்து வீட்டைப் பாப்பினம், அறை இருக்கோ, ஆள் எப்பிடி எண்டு விசாரிப்பினம், சரியெண்டால் அங்கயே விடுவினம். மாமாவிட்ட போறதுக்கு 19 தேவையில்ல, 16லயே நேர் வழி இருக்குது!

பூட்டி வைக்கிற கதை சுத்தப் பொய். ஹோமில இரவு இத்தினை மணிக்கு வரோணும் எண்டிருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம், பாசை வகுப்பு, சின்னக் கைக்காசு, டொக்டர். என்னட்ட இருக்கிற ஒருத்தன் திருவிழாவுக்கு ஹம் எண்ட ஊரில இருக்கிற காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகோணும் எண்டான், ஹோமில வேலை செய்யிற ஜெர்மன் பிள்ளை ஒண்டு தானே கூட்டிக்கொண்டு வந்து, வெயிலுக்க வெறுங்காலோட தேருக்குப் பின்னால வந்தது. 18 வந்த உடன வெளியில தள்ளுறதும் இல்ல, தேவையெண்டால் 21 வயசு வரைக்கும் உதவி கேக்கலாம்.

19 எண்டு சொன்னால் என்ன நடக்கும் எண்டு பாருங்கோ. பெரிய ஆக்கள் முகாம். முகாமில இருக்கேக்க முதல் சில மாசம் வேலை செய்ய ஏலாது, ரெண்டு மாசத்தில வேலை எண்டது கனவு. மாமா வீட்டை போகவும் விடாயினம், முகாமிலதான் பதிவு. ஃபோர்முண்ட் இல்ல. எல்லாத்தையும் விடப் பெரிசு கைரேகை. எந்த நாடு அசைல் மனுவைப் பாக்கோணும் எண்டு சொல்லுற ஐரோப்பிய டப்ளின் விதிப்படி பெரிய ஆள் எண்டால் கைரேகை எடுத்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வழி இருக்கு. தனியா வந்த பிள்ளையை அப்பிடி அனுப்புறேல்ல, ஐரோப்பிய நீதிமன்றம் 2013லயே சொல்லிப்போட்டுது, பிள்ளை இப்ப எந்த நாட்டில இருந்து மனு போட்டிருக்குதோ அந்த நாடுதான் பாக்கோணும் எண்டு. 2026 நடுவில இருந்து பொருந்துற புதுச் சட்டத்தில இந்த இடம் இறுகுது, முதல் பதிஞ்ச நாட்டுப் பக்கம் சாயுது, அதுக்கு முன்னம் பதிஞ்ச மனுவுக்குப் பழைய விதி. அப்ப அவன்ர வாயால 19 எண்டு வந்தால் அவனே தன்னை ஏத்தி அனுப்பிற மாதிரி.

கை வலிக்குது, தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன், தாய் வாற விசயம் பிறகு எழுதுறன்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்:

நான் ஈப்போ பொண்ணு, இப்ப ஜெர்மனியில ஆஸ்பத்திரியில வேலை. அண்ணன் சொன்னதுக்கு ஒரு வரி சேர்க்கறேன். பேப்பர் இல்லன்னா மொதல்ல ரெண்டு ஆபீசருங்க உக்காந்து பேசிப் பாத்து வயசக் கணிப்பாங்க. அப்பவும் சந்தேகம்னாதான் மெடிக்கல், கை எக்ஸ்ரே, பல்லு, சில சமயம் காறை எலும்பு. அதுக்கு பையனும் அவனுக்காக நிக்கறவரும் சம்மதிக்கணும், கட்டாயப்படுத்தி ஸ்கேன்ல தள்ள முடியாது. எக்ஸ்ரே ஒன்னும் ஜோசியம் இல்ல, "இத்தனையிலேர்ந்து இத்தனைக்குள்ள"ன்னுதான் வரும். ஒரு பிறப்புப் பத்திரம் நூறு எக்ஸ்ரேக்கு சமம்.

பட்டர்வொர்த்_மோட்டோ:

சரி நான் மொதல்ல எழுதுனது கொஞ்சம் சூடாயிருச்சு. ஒரு விஷயம் கேக்கறேன், சிலோன்ல பொறந்தவனுக்கு பெர்த் சர்ட் தொலைஞ்சா இன்னொன்னு எடுக்க முடியாதா? இங்கதான் ஜேபிஎன்ல (பதிவு இலாகா) வருஷக்கணக்கா அலைய விடறாங்க.

ரூர்க்கரை:

நல்ல கேள்வி தம்பி. எடுக்கலாம். ஊரில சொந்தக்காரர் ஆரும் இருந்தால் பிரதேச செயலகத்தில போய், இல்லாட்டில் கச்சேரியில, பிறப்புப் பதிவின்ர பிரதி கேட்டு எடுக்கலாம். பெயர், திகதி, பதிவு இலக்கம் தெரிஞ்சால் கெதியா முடியும்.

பட்டர்வொர்த்_மோட்டோ:

கச்சேரிலயா? பாட்டுக் கச்சேரியா?

ரூர்க்கரை:

ஓம் தம்பி, மிருதங்கம் வாசிச்சுத்தான் பத்திரம் தருவினம். எங்கட ஊரில மாவட்டக் கந்தோரைத்தான் கச்சேரி எண்டுறது.

சரி, தாய் விசயத்துக்கு வாறன். தங்கச்சி, இதை அந்த அக்காவுக்கு மெல்லமா விளங்கப்படுத்துங்கோ, சும்மா ஆசை காட்டாதேங்கோ.

அசைல் மனுவை பெடியன் தானாப் போட ஏலாது, ஃபோர்முண்டோ, அவர் வாற வரைக்கும் யுகெண்ட்அம்டோதான் போடோணும். ஃபோர்முண்டைக் குடும்பக் கோர்ட் நியமிக்கும். தாய் உயிரோட இருக்கிறா, போனில கதைக்கிறா எண்டாலும், அவ்வளவு தூரத்தில இருந்து கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைப் பாக்க ஏலாதெண்டு கோர்ட் பாத்து இன்னொராளைப் போடும். கனக்க இடத்தில அது யுகெண்ட்அம்டில வேலை செய்யிற ஒராள்தான், ஒருத்தருக்கு 50 பிள்ளையள் வரைக்கும் குடுக்கலாம் எண்டு சட்டம், அப்ப உங்கட பெடியனுக்கு அவர் எவ்வளவு நேரம் தருவார் எண்டு யோசியுங்கோ. மாமாவே ஃபோர்முண்டா வாறன் எண்டு கேக்கலாம், ஆள் பொருத்தமெண்டால் குடுப்பினம்.

விசாரணைக்கு ஃபோர்முண்ட் பக்கத்தில இருப்பார், தனியா வந்த பிள்ளையளை விசாரிக்கவெண்டே பழக்கின அதிகாரிதான் கேப்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் உண்டு. இதில நான் கும்பிட்டுக் கேக்கிறது ஒண்டுதான்: கதை எழுதிக் குடுக்காதேங்கோ. ஏஜென்ட் ஒரு கதை குடுப்பான், மாமா ஒரு கதை குடுப்பார், ஹோமில இருக்கிற மற்றப் பெடியள் ஒரு கதை. அவன் மலேசியாவில இருந்தவன், யூஎன் பதிவு இருக்கு, அதை மறைக்க வேண்டாம். மறைச்சால் மிச்சம் உண்மையையும் நம்பாயினம். தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லட்டும், பதினாறு வயசுப் பெடியனுக்கு எல்லாத் திகதியும் ஞாபகம் இருந்தால்தான் சந்தேகம்.

முடிவில மூண்டு நாலு விதமா வரலாம். முழு அகதி எண்டு வந்தால் தாய் வரலாம். அதுக்கு வீடு, வருமானம் ஒண்டும் காட்டத் தேவையில்ல, விசா மனு கேஎல்ல இருக்கிற ஜெர்மன் தூதரகத்தில. அதுக்குக் கீழ்ப்படியா துணைப் பாதுகாப்பு எண்டு ஒண்டு குடுப்பினம், அது வந்தால் கஸ்டம். 2025 ஜூலை 24இல இருந்து ரெண்டு வருசத்துக்கு அந்த வகை ஆக்களுக்குக் குடும்பத்தை எடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டினம். நிராகரிச்சால் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் காலக்கெடு சின்னன், அதுக்காகத்தான் முதலே ஒரு வக்கீல் வேணும் எண்டுறது.

வழக்கு இழுபட்டு 18 தாண்டினால் என்ன எண்டு கேப்பா. முந்தி 18 வந்தால் கதவு பூட்டு. இப்ப ஐரோப்பிய நீதிமன்றம் 2018ல நெதர்லாந்து வழக்கு ஒண்டில சொன்னது, பிறகு 2022 ஆகஸ்டில ஜெர்மனிக்கும் நேராச் சொன்னது, மனு போட்ட நாளில பிள்ளையா இருந்தானோ, அதுதான் கணக்கு எண்டு. ஆனால் அப்பிடி இடையில 18 ஆனவை அகதி எண்டு முடிவு வந்து மூண்டு மாசத்துக்குள்ள குடும்ப மனுவைப் போட்டிட வேணும். என்னட்ட வந்த ஒரு பெடியன்ர குடும்பம் நாலாம் மாசம் வந்து நிண்டது. அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்ல.

இப்ப பாருங்கோ, அவன் இண்டைக்கு 19 எண்டால் இதில ஒரு வரியும் அவனுக்குப் பொருந்தாது. தாய் வாற வழியையும் சேத்துத்தான் அந்த ஒரு சொல்லு வெட்டுது.

செந்தூல்காரி:

அண்ணே, இத மூனு தடவ படிச்சுட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு, யாரும் இப்படி வெவரமா சொன்னதே இல்ல. ஒன்னு விட்டுப்போச்சு, சின்னப் பொண்ணு? அக்கா கேக்கறதே அதத்தான். "நான் மவன்கிட்ட போனா மவள யாரு பாப்பா"ன்னு.

ரூர்க்கரை:

நான் வேணுமெண்டுதான் அதைக் கடைசிக்கு விட்டனான். தாய்க்கு வழி இருக்கு, தங்கச்சிக்கு அப்பிடி நேர் வழி இல்ல. கூடப்பிறந்தவைக்கு எண்டால் வீடு போதுமோ, செலவுக்குக் காசு இருக்கோ எண்டு கேப்பினம், ஹோமில இருக்கிற பெடியனிட்ட அது எங்கால? 9 வயசுப் பிள்ளையை விட்டிட்டுத் தாய் வரோணும் எண்டுற மாதிரி சட்டம் நிக்குது, இதை எழுதினவைக்குப் பிள்ளையள் இல்லையோ எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல. சில வக்கீல்மார் தாயின்ர மனுவோட பிள்ளையின்ர மனுவையும் ஒரே நேரத்தில போட்டு வாதாடுவினம். தாயும் மகளும் ரெண்டு மனுவும் ஒரே நாளில குடுக்கோணும், வக்கீல் வேணும். நான் சரிவரும் எண்டு சொல்ல மாட்டன்.

டீச்சரம்மா_கேஎல்:

இங்கேர்ந்து கெளம்பறதுக்கும் இமிகிரேஷன் வாசலத் தாண்டணும், விசா கைக்கு வந்தாலும் சும்மா ஏர்போர்ட் போய் ஏற முடியாது, அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம். அக்கா பாஸ்போர்ட் எக்ஸ்பயர் ஆயிருக்கும்னு நெனைக்கறேன், ஆனா யூஎன்கிட்ட கேக்காம இலங்கை ஹைகமிஷன் பக்கம் அவங்கள இழுத்துட்டுப் போயிராதீங்க, அகதியா இருக்கறவங்க அங்க போறது வேற சிக்கல் ஆயிடும்.

மொதல்ல செய்ய வேண்டியது, யூஎன் ஆபீசுக்கு மவன் இப்ப ஜெர்மனியில இருக்கான்னு சொல்லி ஃபைல்ல பதிய வைங்க. அட்ரஸ் மாறுனாலும் சொல்லணும். போற வழியில மாட்டிக்கிட்ட தாய்மாமனுக்கு செஞ்சிலுவைச் சங்கத்துல தேடித் தர்ற பிரிவு இருக்கு, இங்க செம்பிறைச் சங்கம் மூலமாக் கேக்கலாம், காசு வாங்க மாட்டாங்க.

(ஒரு காலத்துல இந்த நாட்டுக்கும் தனியாப் பிள்ளைங்க வந்துச்சுங்க. 1978லேர்ந்து 91 வரைக்கும் பூலாவ் பீடோங் தீவுல வியட்னாம் படகு ஜனங்க இருந்தாங்கள்ல, அதுல அப்பா அம்மா இல்லாம வந்ததுங்களும் இருந்துச்சு. எங்கப்பா அப்ப திரங்கானுவுல வேலை, ராத்திரி சாப்பாட்டுல அதப் பத்திப் பேசுவாரு.)

செந்தூல்காரி:

அப்டேட். நேத்து ராத்திரி அக்கா வீட்டுலேர்ந்து பையன வீடியோ கால்ல புடிச்சோம். தாடி லேசா மொளைச்சிருக்கு, அக்கா அதப் பாத்தே அழுதாங்க, நான் போய் "டேய் ஷேவ் பண்ணுடா, இதப் பாத்துத்தான் 19ம்பாங்க"ன்னேன், சிரிச்சுட்டான். 16ன்னே இருக்கட்டும்னு சொல்லிட்டோம். டோர்ட்முண்ட் மாமா பேரு, அட்ரஸ் எழுதிக் குடுத்தோம், இன்னிக்குக் காலையில ஹோம்ல உள்ள பொம்பளைகிட்ட காட்டிட்டானாம், அவங்க எழுதிக்கிட்டாங்களாம். ரிப்போர்ட் கார்டு, ஊசி புக்கு எல்லாம் ஃபோட்டோ போயிருச்சு. ஊர்ல அக்காவோட பெரியம்மா இருக்காங்க, திங்கக்கிழமை கச்சேரிக்குப் போறாங்களாம் (மோட்டோ, மிருதங்கம் இல்லாமத்தான்).

இப்ப மிச்சம் ஒன்னுதான், டோர்ட்முண்ட் மாமா. அக்கா பேசுனா கத்தறாரு, "நான் நாப்பது வருஷமா இங்க இருக்கேன், பக்கத்து வீட்டுக்காரி சொல்றதக் கேக்கறியா"ன்னு. அவரு மனசு மாறலன்னா ஹோம்காரங்க வீடு பாக்க வர்றப்ப அவரே ஏடாகூடமா எதாச்சும் சொல்லிருவாரு.

ரூர்க்கரை:

நாப்பது வருசக்காரரோட நாப்பது வருசக்காரன்தான் கதைக்கோணும். நம்பரை இஞ்ச போடாதேங்கோ, தனிச்செய்தியில அனுப்புங்கோ. ஆள் ஊரில எவடம்?

செந்தூல்காரி:

அனுப்பிட்டேன் அண்ணே. புங்குடுதீவாம்.

ரூர்க்கரை:

புங்குடுதீவோ. அப்ப என்ர மனிசியின்ர ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஞாயிறு வேண்டாம், கோயில்ல நிப்பார். சனிக்கிழமை பின்னேரம் எடுக்கிறன்.